சட்டைப் பை எந்தப் பக்கம்?

பழைய குடும்பப் படம் வைத்திருக்கும் வீடுகளில் 'படம் விளக்கி' என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், தப்பித்திருக்க வழியே இல்லை. திரையில் ஓடுவது பேசாத படம்தான், அதற்காக ஒரு மனிதர் சும்மா இருக்க முடியுமா? விளக்கை அணைத்ததும் இவர் எழுந்துவிடுவார், திரைக்கும் உங்களுக்கும் நட்டநடுவில் நின்றுகொள்வார், இதோ இப்போது வருவார் பாருங்கள் என்பார், வருகிறவரைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டே அவர் யாரோடு கோபித்துக்கொண்டார், அந்த சைக்கிளை யாரிடம் வாங்கினார், வாங்கிய மறுநாளே எங்கே விழுந்தார் என்று அடுக்கிக்கொண்டே போவார். படம் நான்கு நிமிடம். விளக்கம் ஒன்றரை மணி நேரம்.

நம்முடைய ஆள் ஓய்வு பெற்ற வரைபடக்காரர். வீட்டில் அவருக்குப் பெயரே 'விளக்கம்' என்றாகிவிட்டது. கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா ஐம்பதுகளில் எடுத்த பதினாறு மில்லிமீட்டர் ரீல் ஒன்றும், அதை ஓட்டும் புரொஜெக்டரும் இவருடைய இருபதாவது வயதில் இவர் கைக்கு வந்தன. இப்போது எழுபது தாண்டிவிட்டது. திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்? அப்பா வேலைக்குக் கிளம்பி நிற்கிறார், கிளம்புவதற்கு முன் முன்னறையில் உட்கார்ந்து ஒரு பென்சில் சீவுகிறார். இடது கையால் சீவுகிறார். உங்களுக்கும் எனக்கும் அது ஒன்றுமில்லை. விளக்கத்துக்கோ ஆறு வயதிலேயே அப்பா போய்விட்டார், முகம்கூடச் சரியாக நினைவில்லை. குடும்பத்தில் இடதுகைக்காரர் இவர் ஒருவர்தான். தெருவே 'நொட்டாங்கை' என்று கூப்பிட்டது, பள்ளியில் விரல் முட்டியில் அடி விழுந்தது. தன்னைப் போலவே இன்னொருவர் இருந்தார், அவர் தன் அப்பாவேதான் என்று அந்த ரீல் சொன்ன அன்று இருபது வயது விளக்கம் தனியாக உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

அடுத்த காட்சியில் நான்கு வயது விளக்கம் தரையில் கவிழ்ந்து படுத்துக் கிறுக்குகிறார். அப்பா குனிந்து பையனின் இடது கையிலிருந்து பென்சிலை எடுத்து வலது கையில் கொடுக்கிறார். இந்த இடத்துக்கு வந்தால் ஐம்பது வருடமாக ஒரே வசனம்தான். "தான் பட்ட பாட்டைப் புள்ளையும் படக்கூடாதுன்னு நினைச்சிருக்கார்," என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

கேள்வி மட்டும் கேட்டுவிடாதீர்கள். மருமகன் ஒருமுறை கேட்டார். மாமனாரின் அப்பாவுக்குச் சட்டைப் பை ஏன் வலது பக்கம் இருக்கிறது? அந்தக் காலத்து ஃபேஷன் என்று பதில் வந்தது, கூடவே அந்தக் காலத்துத் தையற்காரர்களைப் பற்றி முக்கால் மணி நேரமும். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் பின்னால் சுவர்க் கடிகாரம் மூன்று காட்டுகிறதே? அது ஓடாத கடிகாரம். இந்த மாதிரி நேரங்களில் எட்டு வயது மூத்த அக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பார். இரு அக்கா, சொல்லி முடித்துவிடுகிறேன் என்பார் விளக்கம். முடித்ததே கிடையாது.

ரீல் மொறமொறவென்று உடையத் தொடங்கியதும் டிஜிட்டலாக மாற்றக் கொடுத்தார். வாங்கப் போன அன்று கடைப் பெண், சார் ஒரு விஷயம் என்று மூன்று முறை ஆரம்பித்தாள். மூன்று முறையும் இவர் அவளுக்கு அப்பாவின் வரலாற்றைச் சொன்னார். கடைசியில் அவள் ஒரு சீட்டில் எதையோ எழுதி, பென் டிரைவ் உறைக்குள் செருகிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு பிற்பகல் எல்லோரும் கூடினார்கள். விளக்கம் வழக்கம்போல டிவிக்கு முதுகைக் காட்டி நின்று, அப்பா இடது கையால் பென்சில் சீவும் அழகை விவரித்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த முகங்கள் ஒரு மாதிரியாகப் போவதைப் பார்த்துத் திரும்பினார். அப்பா வலது கையால் சீவிக்கொண்டிருந்தார். சட்டைப் பை இடது பக்கம் வந்திருந்தது. கடிகாரத்தில் மணி ஒன்பது.

மகள் உறையிலிருந்த சீட்டை எடுத்துப் படித்தாள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை உள்ள ரீல் இது, எந்தப் பக்கம் மாட்டினாலும் ஓடும். யாரோ புரட்டிச் சுற்றியிருக்கிறார்கள், அதனால் இதுவரை இடம் வலமாகத் தெரிந்திருக்கும். சரிசெய்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. யாரோ என்றால் யார்? அந்த வீட்டில் புரொஜெக்டரை இவரைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை.

விளக்கம் உட்கார்ந்தார். படம் ஓடும்போது அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியுமாக்கா, அப்பா வலதுகைன்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ எங்கடா சொல்ல விட்டே?"

ஐம்பது வருடத்து அப்பா கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். தெருவில் 'நொட்டாங்கை' என்று கேட்ட காலத்து முகம் விளக்கத்துக்கு வந்துவிட்டது. அக்கா ரிமோட்டை வாங்கி, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு படத்தைப் பார் என்றார். திரையில் அப்பா குனிந்தார், பையனின் வலது கையிலிருந்து பென்சிலை எடுத்தார், இடது கையில் கொடுத்தார்.

"வலது கையில வச்சுவிட்டது அம்மா," என்றார் அக்கா. "அவன் கை, அவன் எழுதட்டும்னு சொல்லி அப்பாதான் மாத்திக் கொடுத்தார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

விளக்கம் இன்னொரு தடவை போடச் சொல்லி இடது கையால் சைகை காட்டினார். ஐந்து தடவை ஓடியது. ஐந்து தடவையும் அந்த வீட்டில் பேச்சே இல்லை. ஆறாவது தடவை அவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரே போய் நின்றார். இதோ இப்போது எங்கப்பா பென்சிலை வாங்குவார் பாருங்கள் என்று ஆரம்பித்தார்.

நம் வீட்டில் ரீலும் இல்லை, புரொஜெக்டரும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? ஆல்பம் இருக்குமே? போனில் நானூறு படம் இருக்குமே? இதைப் படிக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம், எங்க வீட்டிலும் இப்படித்தான் ஒரு போட்டோ என்று நடுவில் ஆரம்பித்தீர்களா இல்லையா? பரவாயில்லை, சொல்லுங்கள். சட்டைப் பை எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்கா வெகு நேரமாக ஏதோ சொல்ல வருகிறார்.