இரண்டாவது பூட்டு

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். வாசல் கதவு நலமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுடும் போட்டிக்கு மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள், ஆனால் அதைத் தொட்டுவிடாதீர்கள். போன மாதம் நம் கூடத்தில் உட்கார்ந்து அதன் குழலை மடக்கிப் பார்த்துவிட்டு, "குழலை மூடிப் பிடிக்க அடியில ஒரே பூட்டுதான் இருக்கு, கொஞ்சம் யோசனையாத்தான் இருக்கு" என்று சொன்னது நீங்கள்தானே? முப்பத்திரண்டு வருடம் கிடங்குச் சாவியோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் அப்படிச் சொல்லலாமா? அன்று மாலையே மனசு கேட்காமல் பூட்டுக்காரரை வரவழைத்து வாசல் கதவுக்கு நாலாவது தாழ்ப்பாள் போட்டேன். மறுநாள் அதே பூட்டுக்காரரிடம் சுவரில் தொங்கிய துப்பாக்கியையும் கொண்டுபோனேன். அவர் "போட்டுட்டா போச்சு சார்" என்று, குழல் படுக்கும் அடிச்சட்டமும் குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் பின்சுவரும் சேரும் மூலையில் பள்ளம் தோண்டி இன்னொரு கொக்கி வைத்துக் கொடுத்தார். மூடினால் டக் டக் என்று இரண்டு சத்தம். கேட்கவே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போய்க் காட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "வெடிக்கும்போது குழல் கீழ மடங்கப் பார்க்கும், பின்சுவர் பின்னால சாயப் பார்க்கும். ரெண்டு இழுப்பும் வந்து விழுறது இந்த மூலையிலதான். பூட்டு வாயை மூடி வைக்கும், அடி தாங்குறது சட்டம். மேல ஒரு பூட்டு சுவரையும் குழலையும் சேர்த்துப் பிடிச்சாலாவது மூலைக்குச் சுமை குறையும். நீங்க மூலையிலயே சதையைத் தோண்டிட்டீங்களே சார். பழைய விரிசல் வேற இருக்கு, இதையா சுடப்போறீங்க?" என்றார்.

மாமனார் பொருளில் விரிசலா என்று எனக்கு வந்ததே கோபம். அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன். நிலை மேலிருந்து கீழ்வரை பிளந்து என் காலடியில் விழுந்தது. நாலு பள்ளம் தோண்டியதில் மரமே மிச்சமில்லை. தாழ்ப்பாள்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. உங்கள் தங்கை வந்து பார்த்து, "தாழ்ப்பாளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சான், உங்கள் அப்பா ஞாபகமாக இருந்த ஒரே பொருளை நான் பாழாக்கிவிட்டேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். "அப்பாகிட்ட இதே மாதிரி ரெண்டு இருந்துச்சு. நீங்க நாலாவது தாழ்ப்பாள் போட்ட அன்னிக்கே நல்லதைப் பெட்டிக்குள்ள வச்சுட்டு, விரிசல் விட்டதைச் சுவர்ல மாட்டிட்டேன்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் மறந்துவிட்டு ஞாயிறன்று வாருங்கள். பெட்டிக்கு அவள் ஒரே ஒரு பூட்டுதான் போட்டிருக்கிறாள். சாவியைத் தரமாட்டேன் என்கிறாள். காலையிலிருந்து முயல்கிறேன், திறக்க முடியவில்லை.