நான்கு சீசாக் கடல்

அரியலூர்
18.2.2006

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா குருநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நீ விட்டுப்போன நான்கு சீசாக்களும் நலம். உன் நலத்துக்கும் கடலின் நலத்துக்கும் பதில் போடவும்.

விடுதியைப் பூட்டிவிட்டார்கள், நீயோ ஆராய்ச்சிப் படகில் போகிறாய் என்று அந்தச் சீசாக்களின் கடல் பாசித் தண்ணீர் என் தலையில் விழுந்தது. மீன்களுக்கெல்லாம் மூலச்சோறு இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் என்றாயே, அந்தப் பயத்தோடுதான் பார்த்துக்கொண்டேன். முதல் சீசாவைத் தொடவில்லை; இரண்டாவதிலும் நான்காவதிலும் உரச்சொட்டு விட்டேன். புகையும் மூச்சும் கரைந்து கடல் புளிப்பதைப் போலவே செய்யவேண்டும் என்று நீ சொன்னபடி, மூன்றாவதிலும் நான்காவதிலும் காலை மாலை குழாய் வைத்து ஐம்பது மூச்சு ஊதினேன். நாதஸ்வரக்காரராவது நடுவில் வெற்றிலை போட எழுந்து போவார், எனக்கு அதுவும் இல்லை. "ஏங்க, சுண்ணாம்புச் சுரங்கத்துல கல்லு மேல ஆசிட் ஊத்திப் பார்த்தது போதாதா, வூட்டுக்குள்ளயும் ஊதணுமா?" என்றாள் உன் அம்மா. பக்கத்து வீட்டு நல்லுசாமி, சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் என்று தானே முடிவுகட்டி, "அண்ணே, எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டார். கடல் தண்ணீர் என்றேன். "நம்ம ஊர்ல ஏதுண்ணே கடலு?" என்று சிரித்தார். நம் ஊரே ஒரு காலத்தில் கடல்தான், நான் வெட்டிய கல்லெல்லாம் அதன் சிப்பிதான் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

முடிவு இதுதான். நான்கும் ஒரே பச்சை. நோட்டில் குறித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடலுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு. போன தடவை வந்தபோது கடல் கடல் என்று நீ சரியாகச் சாப்பிடவே இல்லை.

கல்லங்குறிச்சிப் பெருமாள் உன்னையும் உன் படகையும் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: நோட்டை யாரிடமும் காட்டாதே. ஐந்தாம் நாளே மூன்றாவது வெளுத்துவிட்டது. நான்காவது உரத்தில் இரண்டு நாள் தளதளவென்று இருந்து அதுவும் வெளுத்தது. ஊதியவன் நான், பார்க்க மனசு கேட்கவில்லை. புளிப்பை முறிக்குமே என்று, சுரங்கத்திலிருந்து எப்போதோ கொண்டுவந்த சுண்ணாம்புக்கல்லை இடித்து அந்த இரண்டு சீசாவிலும் ஒரு சிட்டிகை போட்டேன். மூன்று நாளில் பச்சை திரும்பியது. "புள்ளகிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்கிறாள் அம்மா. ஒரு சீசாவுக்கு ஒரு சிட்டிகை என்றால் கடலுக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து யோசித்தேன். முப்பது வருஷம் வெட்டியவன் சொல்கிறேன், நம் சுரங்கத்தில் அவ்வளவு கல் இல்லையம்மா.