கம்பெனியே ஆள் அனுப்பும்

இனிமேல் செத்தாலும் சேற்றில் கால் வைப்பதில்லை என்று குணசேகரன் முடிவெடுத்தபோது, பாபநாசம் பக்கமே குறுவை நடவுக்குப் பரபரத்துக்கொண்டிருந்தது. பின்னே? எம்.பி.ஏ. படிக்கிறவராச்சே! அஞ்சல் வழிதான், ஆனாலும் தொழில்முனைவும் புதுமையும் சிறப்புப் பாடம். மின்விசிறிக்குக் கீழே லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் போய் வயலுக்கு வா என்றால் அடுக்குமா?

அப்படியும் கேட்டாள் மனைவி ஜெயபாரதி.

“நடவுக்கு ஆள் கிடைக்கலைங்க.”

“அதுக்குத்தான் ஆப் செஞ்சிருக்கேன். போன்ல ஒரு தட்டு, ஆள் வயல்ல நிக்கும். என் புராஜெக்ட்டே அதான்.”

“வரலைன்னா?”

“ஆரம்பத்துலயே வாய வைக்காத!”

“புக் பண்றவங்க கேப்பாங்கல்ல? ஆள் வரலைன்னா கம்பெனியே ஆள் அனுப்பும்னு போடுங்க.”

அட! யோசனை யாருடையது என்று மூச்சு விடாமல் கொட்டை எழுத்தில் போட்டார். புராஜெக்ட்டைப் பார்த்த பேராசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “முதல் கஸ்டமர்கிட்ட நானே போன்ல கேட்டு மார்க் போடுறேன் சார்” என்றார்.

முதல் கஸ்டமர் ஜெயபாரதி. தங்கள் சின்ன வயலுக்கு, நடவுப் பெண்களான காளியம்மாள் செட்டைப் புக் செய்தாள்.

விடிந்து பார்த்தால் சின்ன வயலில் கொக்குதான் நின்றது. காளியம்மாள் செட்டு, அடுத்திருந்த அவர்களுடைய பெரிய வயலில் மும்முரமாக நட்டுக்கொண்டிருந்தது.

“என்னடி அநியாயம் இது?”

“நேத்து சாயங்காலம் கடைத்தெருவுல பாத்தேன். பெரிய வயலுக்கு வாங்கன்னேன், வந்துட்டாங்க. சின்ன வயலுக்கு ஆப்ல புக் பண்ணேன். ஆளக் காணுமே?”

“அதே ஆளுங்க ரெண்டு வயல்ல எப்படிடி நிப்பாங்க?”

“அது கம்பெனி பாடு. மேடம் போன் பண்ணா என்னங்க சொல்லட்டும்?”

கம்பெனிக்கு முதலாளி அவர், மேனேஜர் அவர், அனுப்ப இருந்த ஒரே ஆளும் அவர். அக்கிரமம்! ஆம்பளை நாற்றுப் பறிப்பான், நடுவானா என்று வரப்பில் நின்று நியாயம் பேசிப் பார்த்தார். கேட்க நாதியில்லை. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியதுதான் தாமதம், பெரிய வயலிலிருந்து குலவை கிளம்பியது.

“நல்லாக் குனிங்க கம்பெனிக்காரரே!” என்று கத்தினாள் காளியம்மாள்.

படித்து முன்னுக்கு வர நினைத்தவர் பொழுதுக்கும் பின்பக்கமாகவே நடந்தார். இடுப்பு கழன்றது.

சாயங்காலம் ஜெயபாரதி சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள்.

“மேடத்துக்கிட்ட ரொம்பத் திருப்தின்னு சொல்லிட்டேங்க. முழு மார்க்!”

அப்பாடா என்று அவர் சாய்வதற்குள் போன் அலறியது. ஆப்பில் புது புக்கிங்.

“யாருடி இது, நாளைக்கே வேணும்னு?”

“எங்க அண்ணன்தாங்க. இன்னிக்கு நட்ட அதே ஆள்தான் வேணுமாம்.”