பேபியைக் காற்று வாங்கக் கொண்டுபோன கதை

ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போகிறவளிடம் எதையெல்லாமோ கேட்கிறார்கள். சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா, கோபம் வருமா. நாய் பார்க்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் "ஓம், நல்லாப் பாப்பன்" என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்கவில்லை.

நான் சாம்பல்தீவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு நாய் நிற்கும். ஆனால் நாங்கள் நாய் வளர்த்தோம் என்று சொல்வது கொஞ்சம் மிகை. அவை தாமாக வந்தன, மீன் தலையைத் தின்றன, அடுப்புச் சாம்பலில் படுத்தன. மழையில் நனைந்தன, வெயிலில் காய்ந்தன. ஆகவே நாய் என்பது எந்தக் காலநிலைக்கும் ஏற்ற பிராணி என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

கலியாணம் முடிந்து திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் கணவரின் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அவருக்கு மட்டக்களப்பில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாட்களில் நானும் மாமியும். மாமி அளந்து பேசுகிறவர். என்னைப் "பிள்ளை" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற விதத்தை வைத்தே அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆடி மாதத்தில் கொழும்பிலிருந்து வசந்தி மச்சாள் வந்தார். அவர் என் கணவரின் மூத்த அக்கா. கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. கூடவே ஒரு கூடையில் பேபியும் வந்தான்.

பேபி ஓர் ஆண் நாய். வெள்ளை நிறம், தலையணையளவு, தரையைத் தொடுகிற சடை, உள்ளே அமுங்கிய மூக்கு. என்ன இனம் என்று மச்சாள் சொன்னார், என் வாயில் வரவில்லை. ஐந்தாம் மாடியில் பிறந்த நாளிலிருந்து வளர்கிறவனாம். மண்ணை மிதித்ததில்லையாம். மச்சாள் சுத்த சைவம் என்பதால் அவனும் சைவம். தயிர்ச்சோறும் அவித்த கரட்டும் சாப்பாடு. வீட்டிலிருந்த ஒரே ஏசி, கலியாணத்துக்கென்று எங்கள் அறையில் பூட்டியது. அந்த அறை பேபிக்குக் கொடுக்கப்பட்டது. (நான் மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டேன். எனக்கு மண் பழக்கம்தானே.)

மறுநாள் காலையில் மாமியும் மச்சாளும் கோயிலுக்குப் புறப்பட்டார்கள்.

"பூசை முடிஞ்சு வர மத்தியானம் தாண்டும். இவனை அறையை விட்டு வெளியில விடாதையும்" என்றார் மச்சாள்.

"நீங்கள் யோசியாமல் போயிட்டு வாங்கோ மச்சாள்" என்றேன். நல்ல மருமகள் என்று பெயர் எடுக்க இதைவிட இலகுவான வழி கிடைக்காது என்று மனதுக்குள் சந்தோஷம்.

மத்தியானம் நெருங்கும் நேரத்தில் கரண்ட் போனது.

அது கச்சான் வீசுகிற காலம். (வறுத்துத் தின்கிற கச்சான் கடலை இல்லை, மேற்கிலிருந்து வருகிற காற்று. ஆனாலும் வறுபடுகிற விஷயத்தில் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.) காடு, வயல் எல்லாம் கடந்து, ஈரத்தையெல்லாம் எங்கேயோ இறக்கிவைத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேரும். அறை கொஞ்ச நேரத்திலேயே புழுங்கத் தொடங்கியது. பேபி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். இந்த இடத்தில் சும்மா ஒரு ஈரத்துணியை நிலத்தில் விரித்து அவனைப் படுக்க வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

ஆனால் நான் யோசித்தேன். வீட்டுக்குள் காற்றில்லை, கடற்கரையில் காற்று உண்டு, ஆகவே கடற்கரைக்குப் போக வேண்டும். அந்த யோசனையில் இன்றுவரை எனக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை, போய்ச் சேர்ந்த இடத்தைத் தவிர.

மச்சாளின் பையில் கரடிக்குட்டிப் படம் போட்ட ரோஸ் நிறத் துவாய் ஒன்று இருந்தது. அதைத் தோளில் போட்டு, குடையை விரித்து, பேபியின் கழுத்துப் பட்டியில் கயிறு கொழுவி இறங்கினேன். தெருவில் ஆளில்லை. இந்த ஊரில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும். அவைகூட ஒரு பூட்டிய கடையின் நிழலில் படுத்திருந்தன. ஒரு மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பேபி தார் வீதியில் கால் வைத்தான். உடனே எடுத்தான். அடுத்த காலை வைத்தான், அதையும் எடுத்தான். நான்கு காலையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாதென்று கண்டுகொண்டதும் என் செருப்பின்மேல் ஏறி நின்றான். தூக்கிக்கொண்டேன். கடற்கரை வளைவில் திரும்பியதும் பேக்கரிப் போறணையின் கதவைத் திறந்ததுபோல் காற்று முகத்தில் அறைந்தது. குடை மல்லாந்தது. கடல் அசையாமல் கிடந்தது. காற்று கடலிலிருந்து வரவில்லை, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுகூடக் குளிக்கத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீதியோரக் குழாயில் துவாயை நனைத்தேன். தேத்தண்ணி போடலாம் என்கிற அளவுக்குச் சூடாக வந்தது. அந்தத் துவாயால் பேபியைச் சுற்றி, வெயில் படாமல் முகத்தையும் மூடினேன். அப்போதுதான் அவன் கழுத்து என் கைமடிப்பில் தொங்கியது.

"பேபி!" என்றேன். அசைவில்லை. "பேபி, கண்ணைத் திற!"

அதுவரை நடந்தது எல்லாம் எனக்கு விளையாட்டு. அந்த நிமிடம் இல்லை. நான் நம்பிய எல்லாவற்றையும் ஒரு சின்ன உடம்பின்மேல் பரீட்சித்துப் பார்த்துவிட்டேன் என்று விளங்கியது. விரலுக்குக் கீழே அவன் நெஞ்சு அவசர அவசரமாக அடித்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர மாமி, மச்சாள், நல்ல பெயர் ஒன்றும் நினைவில் இல்லை. குடையைப் போட்டுவிட்டு நடுவீதிக்கு ஓடினேன்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியவர் தலையில் தொப்பியோடு, தாடி நரைத்த ஒருவர். பெயர் அன்சார் என்று பிறகு அறிந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன தங்கச்சி?"

"நானா, பேபி மயங்கிட்டான்!"

"அல்லாஹ்! ஏறுங்க!"

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் சொன்னதும் அவ்வளவுதான். ஆட்டோ பிரதான வீதிக்குள் பாய்ந்தது. ஒரு கை ஹோர்னில், தலை வெளியே. "புள்ள! புள்ளைக்கி ஏலாது! ஒதுங்குங்க!" என்று அவர் கத்த, சைக்கிள்கள் ஓரத்துக்குப் போயின, பஸ் ஒன்று நின்றது. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் எல்லா வாகனங்களையும் மறித்து எங்களுக்கு வழி விட்டார். கடைகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் அழுதுகொண்டு, கரடிக்குட்டித் துவாயை மார்போடு அணைத்தபடி நகர்வலம் போனேன். துணிக்கடை வாசலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா நின்றார். போன் கடை வைத்திருக்கிற, என் கணவரின் பள்ளிக்கூடச் சிநேகிதரும் நின்றார். இருவரும் வாயில் கை வைத்தார்கள்.

நானாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆட்டோ ஒரு குழியில் விழுந்தது. துவாய் ஒருபக்கம் நழுவியது. அவர் கண்ணாடியில் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு வேகத்தைக் குறைத்து, மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, புள்ளைக்கி வால் இரிக்கி."

"நாய் நானா. பேர்தான் பேபி."

ஆட்டோ நின்றது. இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கு நியாயமும் இருந்தது.

"நாய்ட ஈரம் பட்டா நாங்க ஏழு தரம் கழுவோணும்" என்றார். பேபியை இன்னொரு முறை பார்த்தார். "சரி, கழுவலாம். உசிருதானே. ஆஸ்பத்திரில இத எடுக்க மாட்டாங்க. ஐஸ் இரிக்கிற இடத்துக்குப் போவோம்."

மீன்வாடியில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளில் ஐஸ் போட்டு மீன் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெட்டிக்குள் போடச் சொன்னார் ஒருவர், போட்டால் செத்துவிடும் என்றார் இன்னொருவர், மயக்கத்துக்குத் தேசிக்காய் வெட்டி மணக்கக் கொடுங்கள் என்றார் மூன்றாமவர். அவர்கள் வாதாடி முடியுமுன் ஓர் ஆள் மீன்பெட்டி உருகி நின்ற தண்ணீரை வாளியோடு தூக்கிப் பேபியின்மேல் ஊற்றினார். பாதி என்மேல் விழுந்தது. நானா தன் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றபடி ஒரு மட்டையால் பேபிக்கு விசிறினார். இன்னொரு வாளி. இன்னொன்று.

பேபி தும்மினான். கண்ணைத் திறந்தான். மூக்குக்கு நேரே ஒரு பெட்டி சூடை மீன் இருந்தது. தயிர்ச்சோற்றில் வளர்ந்த அந்தச் சீவன் தலையை நீட்டி, ஒரு மீனை முழுதாக விழுங்கியது. பிறகு இன்னொன்றை. வாடியில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஐஸ் தண்ணீருக்குள் குந்தியிருந்து அழுதேன்.

நானாவின் ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்து அவனை மூன்று வகைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினேன். இப்போது அவனில் சந்தனமும் சூடையும் சேர்ந்து மணத்தன. கரண்ட் வந்திருந்தது. அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது மட்டக்களப்பிலிருந்து என் கணவரின் போன் வந்தது. குரல் ஒருமாதிரி இருந்தது.

"பிள்ளை எப்படி இருக்காம்?"

"எந்தப் பிள்ளை?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நீர் பிள்ளையோட ஆஸ்பத்திரிக்குப் போனீராம். ஊர் முழுக்கக் கதையாம்."

நான் பதில் சொல்லுமுன் கேற் திறந்தது. மாமி, அவருக்குப் பின்னால் மச்சாள், அவர்களுக்குப் பின்னால் பவளம் அக்கா, அவருக்குப் பின்னால் எனக்குத் தெரியாத நாலைந்து பேர். மாமியின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. மண்டபத்துக் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை," என்றார், "எங்க அந்தப் பிள்ளை?"

கலியாணமாகி மூன்று மாதத்தில் கைக்குழந்தையோடு பிரதான வீதியில் போன மருமகளை அந்த மண்டபத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் மச்சாள் என்னை மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் ஊர் மன்னிக்காது. எது பெரிது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் சரியாகச் சாத்தாத கதவின் இடுக்கால் பேபி ஓடிவந்து மச்சாளின்மேல் பாய்ந்து முகத்தை நக்கினான்.

மச்சாள் மூக்கைச் சுளித்தார். "இவன் என்ன மணக்கிறான்?"

"சூடை" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், குடை, துவாய், ஆட்டோ, வாடி. மச்சாளின் முகம் வெளுத்தது. "கச்சானுக்குள்ள கொண்டுபோனீரா? பேபி மீன் திண்டவனா? அவன் சைவமெல்லோ!"

மாமி எழுந்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"நாய்தானா! முருகா, நாய்தானா!" என்றார். மூன்று மாதத்தில் முதன்முறையாக அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். "வசந்தி, நீ வாயை மூடு. மீன்தானே திண்டது!"

அதோடு விடவில்லை. அந்த ஈரத் துவாயால் பேபியைச் சுற்றி, மச்சாளின் மடியில் வைத்து, இருவரையும் வாசல் விறாந்தையில் இருத்தினார். மீன் மணத்தோடும் கோபத்தோடும் மச்சாள் பின்னேரம் முழுக்க அங்கே இருந்தார். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் மாமி துவாயை விலக்கி வாலைக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் நம்பத் தொடங்கியது. பவளம் அக்காவே, "ஓம், நாய்தான்" என்று சாட்சி சொன்னார்.

எல்லாம் அடங்கி, வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. அன்சார் நானா. கழுவிய ஆட்டோவிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. வீதியில் நான் போட்டுவிட்டு ஓடிய குடையை நீட்டிக்கொண்டு, நல்ல மனிதர், உரத்த குரலில் கேட்டார்.

"தங்கச்சி, புள்ளைக்கி சொகமா?"

ஒருவரும் தேத்தண்ணியை விழுங்கவில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டார். நாய் என்பது மாமி சோடித்த கதை என்று நம்புகிற ஒரு பகுதியினர் ஊரில் இன்றும் இருக்கிறார்கள்.

மச்சாள் சொன்ன நாளுக்கு முன்பே கொழும்புக்குப் போனார். பேபி அதற்குப் பிறகு தயிர்ச்சோற்றைத் தொடவில்லை. ஐந்தாம் மாடியில் யன்னலெல்லாம் திறந்து வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மச்சாள் மீன் அவிக்கிறார் என்று கேள்விப்பட்டோம். என்னோடு கதைக்க அவருக்கு ஒரு வருடம் எடுத்தது. கதைத்தபோதும் சூடை மீன் நல்லதா கீரி மீன் நல்லதா என்றுதான் கேட்டார்.

எனக்கும் பிறகு மகள் பிறந்தாள். பிரசவ விடுதியில் என்னைச் சேர்த்தபோது மாமிதான் கூட வந்தார். தாதி என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "தலைப்பிள்ளையா?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாய் எடுக்குமுன் மாமி முந்திக்கொண்டார்.

"இல்லை. மூத்தது ஆம்பிளைப் பிள்ளை. கொழும்பில நிக்குது."