முதுகுக்கு ஒரு பை

மனிதனுக்கு முதுகு உண்டு என்பது உலகம் அறிந்த செய்தி. அது எதற்காக உண்டு என்பதை முதன்முதலாகக் கண்டறிந்த பெருமை எங்கள் நோன்பு மாத உணவுப்பை விநியோகக் குழுவையே சேரும். குழுவின் செயலாளர் என்ற முறையில், மிகுந்த அடக்கத்தோடு இதைப் பதிவு செய்கிறேன்.

சென்ற ஆண்டு வரை நாங்களும் ஊரோடு ஒத்துத்தான் போனோம். ஏழையின் கையில் பை, அவர் தோளில் தலைவரின் கை, இருவரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டியது. பைகளை அனுப்பிவைக்கும் வெளிநாட்டு வள்ளலுக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஆண்டு கடிதம் எழுதிவிட்டார். வாங்குகிறவர்களின் முகம் படத்தில் தெரியவே கூடாதாம். அவர்களுக்கும் 'கண்ணியம்' உண்டாம்.

தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கண்ணியம்னா நாம என்னய்யா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அவங்களைத் திரும்பி நிக்கச் சொன்னா போதும்" என்றார் துணைத்தலைவர்.

மூன்று கூட்டங்கள் கூடி, பதினோரு விதிகள் கொண்ட 'முதுகுத் தீர்மானம்' ஏகமனதாக நிறைவேறியது. நாற்பது பை, நாற்பது முதுகு. படத்தில் இல்லாத முதுகுக்குப் பை கிடையாது. கொடுப்பவருக்கும் திரும்பி நிற்கும் கடமை உண்டா என்று ஒரு கேள்வி எழுந்தது. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால், தலைவர் தன் முகத்தை வழக்கம்போலக் காட்டலாம் என்று முடிவானது. அன்று மாலையே அவர் முடிவெட்டிக்கொண்டார்.

விநியோக நாள். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் நாற்பது பேரும் மண்டபத்துக்கு வந்து, சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அரிசி, மாவு, எண்ணெய், பருப்பு, பேரீச்சம்பழம் எல்லாம் அடங்கிய பைகள் மேசைமேல் இருந்தன. போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பாய், முதுகுல கஷ்டம் தெரியலையே."

உண்மைதான். முகம் இருந்தவரை பிரச்சினை இல்லை. கண், கன்னம், தாடி எல்லாம் சேர்ந்து ஏழ்மையை எடுத்துச் சொல்லிவிடும். முதுகு வாய் திறக்காது. அதிலும் இவர்கள், மண்டபத்துக்குப் போகிறோமே என்று இருப்பதில் நல்லதாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்து முதுகுகள் 'தகுதிக் குறைவு' என்று ஒதுக்கப்பட்டன. அதில் நான்கு பேர் முணுமுணுத்தபடி போய்விட்டார்கள். ஐந்தாமவர் போகவில்லை.

அவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர். வலது கையில் பெரிய கட்டு. இஸ்திரிப் பெட்டியின் நெருப்பு உள்ளங்கையில் கொட்டி, இரண்டு வாரமாக வேலை இல்லை. ஆனால் அவர் போட்டிருந்த சட்டையைப் பார்க்க வேண்டுமே! முதுகில் கோடு போட்டாற்போல மடிப்பு. தலைவரின் சட்டையே அதன் முன்னால் கூச்சப்பட்டது.

"பெரிய மனுஷங்க வர்ற இடமாச்சேன்னு இடது கையாலயே தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன் பாய்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல அரிசி நேத்தோட முடிஞ்சிருச்சு. நாலு புள்ளைங்க. இன்னைக்கு நோன்பு திறக்க ஏதாச்சும் கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"பரிசீலனையில இருக்கு" என்றேன். செயலாளர் வேறு என்ன சொல்வார்?

காலியான ஐந்து இடங்களை நிரப்பும் பணி போர்க்கால வேகத்தில் நடந்தது. துணைத்தலைவரின் மச்சானுக்கு இயற்கையிலேயே கூன். அவரோடு தலைவரின் டிரைவர், மைக்செட்காரர், வாட்ச்மேன் என நான்கு முதுகுகள் கிடைத்தன. ஐந்தாவதற்குப் போட்டோக்காரர் மண்டபம் முழுக்கத் தேடி, என் பின்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா! இதுவல்லவா முதுகு!"

என் சட்டை கசங்கிக் கிடந்தது. இரண்டு வாரமாக எங்கள் தெருவில் இஸ்திரி போட ஆள் இல்லையே! குழுவின் அழைப்பை என்னால் தட்ட முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி, பையை வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா? தலைவரிடம் மெதுவாகக் கேட்டேன். "படம் எடுத்தாச்சுல்ல, இந்தப் பையை அவர்கிட்டயே குடுத்துடட்டுமா?"

தலைவர் பதறிப்போனார். "நோன்பு வச்சுக்கிட்டு என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? படத்துல வாங்குனது ஒருத்தர், வீட்டுக்குக் கொண்டுபோனது இன்னொருத்தர்னா அது பச்சப் பொய் இல்லையா? படத்துல நீ இருக்கே. நீதான் கொண்டுபோகணும்."

எவ்வளவு நுட்பமான இறையச்சம்!

இதற்குள் இஸ்திரிக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "கசங்குனா எடுத்துக்குவீங்களா பாய்?" என்று கேட்டு, சட்டையைக் கழற்றினார். தொடையில் வைத்து இடது கையால் பிசைந்தார். இருபது வருடம் சுருக்கம் எடுத்த கை, சுருக்கம் போடத் தெரியாமல் தடுமாறியது. சட்டையைத் தரையில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து எழுந்தார். உதறி மாட்டிக்கொண்டு, பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

அந்தச் சுவருக்கு முன்னால் அப்போது அவர் ஒருவர்தான். மேசையில் பை ஒன்றும் இல்லை. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிட்டார்கள். குழுவினர் எல்லோரும் பேரீச்சம்பழத்தட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

அவர் குழாயில் தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார். பிறகு என்னிடம் வந்தார். கையில் பையோடு நின்றேன்.

"உங்க சட்டை ரெண்டு என்கிட்டயே கெடக்கு பாய். கை ஆறுனதும் முதல் வேலையா தேச்சுக் குடுத்துடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போதாவது பையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அவர் வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். கசங்கிய சட்டை, தொங்கிய தோள், வெறுங்கை.

"ஐயோ, இந்த முதுகைப்போயா விட்டோம்!" என்று அலறிக்கொண்டு ஓடினார் போட்டோக்காரர். வாயில் பேரீச்சம்பழம், கையில் கேமரா. போகிறவருக்குத் தெரியாமலே மூன்று படம் எடுத்துவிட்டார்.

மற்ற படங்களோடு அதையும் அனுப்பினோம். வள்ளல் நெகிழ்ந்துபோய்ப் பதில் எழுதியிருக்கிறார். நாற்பது முதுகுகளையும் பார்த்தாராம். ஆனால் அந்தத் தனி முதுகைப் பார்த்துத்தான் அழுதாராம். அடுத்த ஆண்டு எண்பது பையாம். தலைவர் என்னைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: 'அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் செயலாளர் நேரில் சென்று என் சலாமைச் சொல்ல வேண்டும், நம் உணவை அவர் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்களா என்று கேட்டு எழுத வேண்டும்.'

முதுகை எப்படிக் காட்டுவது என்பதற்கு எங்களிடம் பதினோரு விதிகள் இருக்கின்றன. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கு ஒரு விதிகூட இல்லை.