ஜப்பான் பந்தும் நோர்பரிச் சாமியாரும்

லண்டன் நோர்பரியில் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் காலை ஒன்பதரைக்கே இருக்க இடமில்லை. கல்யாணசுந்தரம் சாமியார் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, சுழற்றி ஜப்பான் பேஸ்போலுக்குக் குறி சொல்கிறார். கிரிக்கெட் என்றால் அங்கே ஆளுக்கு ஆள் கேள்வி கேட்பார்கள். பேஸ்போல் ஒருவருக்கும் தெரியாது. தெய்வத்துக்கும் அதுதான் வசதி.

"அடிக்கிறவன்ரை கையிலை சனீஸ்வரன் குந்தியிருக்கிறார். ரெண்டு பகுதியும் சேர்ந்து ஏழு ஓட்டத்தைத் தாண்டாது."

மத்தியானம் முடிவு வரும். மூன்றுக்கு ஒன்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஆறு நாளில் ஐந்து நாள் பலித்தது. பலிக்காத அன்று யாரோ தீட்டோடு வந்துவிட்டார்களாம்.

கூட்டத்தில் இருந்த நகுலேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. வியாழக்கிழமை அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள்.

"கத்தி வேண்டாம் பிள்ளை," என்றார் சாமியார். "நாப்பது நாள் என்ரை தீர்த்தத்தைக் கண்ணிலை விடு."

ஒரு போத்தல் இருபது பவுண். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆபரேஷன் வேண்டாமெண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லப்போறன்."

அவள் கணவர் யோகராஜா பஸ் ஓட்டுகிறவர். "உம்மடை கண் இருக்கிற நிலைக்கு, நேற்றுக் கொழுக்கியெண்டு நினைச்சு என்னிலை ஜக்கெற்றைக் கொழுவப் பாத்தனீர். ஒரு நாள் பொறும், நானும் வாறன்."

மறுநாள் அவளோடு, ஓர் உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு வந்தார்.

"சாமி, இண்டைக்கு ஆறு ஆட்டம். ஆறுக்கும் சொல்லுங்கோ. இந்தக் கிழங்கும் சொல்லும். அதுக்குத் தெரிஞ்சது ஒண்டுதான், ஏழைத் தாண்டாது."

கூட்டம் சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை. ஆறுக்கும் அதையே சொன்னால் கிழங்குக்குச் சமமாகிவிடுவார். கௌரவம் விடுமா? மூன்று ஆட்டத்தில் அடிக்கிறவன் வெளுத்து வாங்குவான், ஏழைத் தாண்டும் என்றார்.

ஒரு மணிக்கு முடிவு வந்தது. கிழங்குக்கு ஐந்து சரி. சாமியாருக்கு இரண்டு.

"ஜப்பானிலை இப்ப எறியிறவையின்ரை காலம். அடிக்கிறவை திணறுகினம்," என்றார் யோகராஜா. "போன மாத முடிவெல்லாம் போனிலை பாத்தனான். முக்கால்வாசி ஏழைத் தாண்டேல்லை. ஆர் சொன்னாலும் பலிக்கும்."

"கிழங்கு மண்ணுக்குக் கீழை விளைஞ்சது," என்றார் சாமியார். "பாதாள சக்தி."

"அப்ப அதையே கேக்கலாம், மலிவு," என்ற நகுலேஸ்வரி, தீர்த்தப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் வாசலில் நின்ற, சாமியாரின் கூட்டத்து இரண்டு பெண்களின் முகம் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவர்கள் யோகராஜாவைத் தேடி வந்திருந்தார்கள்.

"அண்ணை, அந்தக் கிழங்கு எந்தக் கடையிலை வாங்கினனீங்கள்?"

ஜப்பானில் ஒரு காலம் எறிகிறவன் கை ஓங்கும், ஒரு காலம் அடிக்கிறவன் கை ஓங்கும். ஏமாறுகிறவன் கை எந்த ஊரிலும் ஓங்கியதில்லை. கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.