ஒரு கிழமைக்குக் காலமானவர்

முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. சிலதைக் குறைத்திருக்கிறேன். முழுவதையும் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"ஜெகதீஸ்வரி, இஞ்ச ஓடி வாரும். எங்கட பிள்ளையை அழிக்கப் போறாங்கள்."

மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடு. பேரின்பநாதன் கணினிக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு உறைந்துபோய் இருந்தார். மகன் வினோஜன் அயோவாவில் ஒரு சின்ன ஊர்க் கழகத்துக்கு பேஸ்போல் பந்து எறிகிறவன். பெரிய கழகங்களுக்கு ஆள் பழக்கி அனுப்புகிற சிறு கழகம். அவனுக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஊர் பேர் தெரியாத ரசிகர் ஒருவர் எழுதியது. பேரின்பநாதன் தினமும் காலையில் அந்தப் படத்தையும் முதல் வரியையும் தரிசிப்பார். மிச்ச ஆங்கிலத்தைப் பேந்து ஆறுதலாக வாசிக்கலாம் என்று விட்டிருந்தார்.

இன்று படத்துக்கு மேலே சிவப்புப் பெட்டி. பனிஆந்தை என்ற புனைபெயரில் யாரோ முறையிட்டிருந்தார்கள்: சிறு கழக ஆட்டக்காரர் எல்லாருக்கும் கலைக்களஞ்சியத்தில் இடம் கொடுக்க முடியாது, இந்தப் பக்கத்தை அழிக்கவேண்டும்.

"அழிச்சால் அழிக்கட்டுமேயப்பா," என்றார் ஜெகதீஸ்வரி.

"அப்ப ஞானேந்திரனுக்கு என்ன பதில் சொல்லுறது?"

புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் ஞானேந்திரன் கணக்காளர். அவருடைய மகள் சாம்பவியை வினோஜனுக்குப் பேசியபோது, "பந்து எறியிறது உத்தியோகமோ, பொழுதுபோக்கோ?" என்று கேட்டவர். பேரின்பநாதன் இந்தப் பக்கத்தைக் காட்டினார். ஞானேந்திரன் மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளி, அதன் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு, "கலைக்களஞ்சியத்தில இருக்கிற ஆள் எண்டால் யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு சொல்லுறன்," என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசாதது பெற்றாருக்குப் பெருமையாக இருந்தது.

பக்கம் போனால் சம்பந்தம் போகும். பேரின்பநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு விவாதத்தில் இறங்கினார். 'நான் தகப்பன் சொல்கிறேன், என் மகன் மிகவும் பிரபலமானவர்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

தேத்தண்ணி ஆற முந்தியே பனிஆந்தையின் பதில் வந்தது: 'தகப்பன் சுயாதீனமான ஆதாரம் அல்ல, அங்கிள்.'

"நான் அங்கிள் எண்டு இந்த ஆந்தைக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கட இங்கிலீசில விளங்கியிருக்கும்," என்றார் ஜெகதீஸ்வரி.

வினோஜனும் தொலைபேசியில், தாய் முதலில் சொன்னதையேதான் சொன்னான். "விடுங்கோப்பா. அந்தப் பக்கம் இல்லாட்டித்தான் எல்லாருக்கும் நல்லது."

"உனக்கு அடக்கம் கூடிப்போச்சு. நான் விடமாட்டன்."

வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதான வரிசை நீளமாக நின்றது. பேரின்பநாதன் தன் ஃபோனைக் கைக்குக் கை கொடுத்து, எல்லாரையும் விவாதத்தில் 'அழிக்கவேண்டாம்' என்று போடச் செய்தார். சாம்பார் வாளியோடு வந்தவரும் வாளியை வைத்துவிட்டுப் போட்டார். அன்று மாலையே கலைக்களஞ்சியத்து நிர்வாகிகள், ஒரே ஆள் பல முகமூடியில் வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, பேரின்பநாதனைத் தடை செய்தார்கள். அதுவரை விவாதத்தில் வினோஜனுக்காக வாதாடிய இரண்டு வெள்ளைக்காரரும் வெறுத்துப்போய் எதிர்ப்பக்கம் தாவினார்கள். இனிக் காப்பாற்ற ஒரே வழி, குடும்பத்துக்கு வெளியே ஓர் ஊடகம் அவனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கவேண்டும்.

தமிழ்ப் பத்திரிகை நடத்தும் அன்டனிடம் போனார்.

"அண்ணை, கிரிக்கெட் எண்டால் போடலாம். பேஸ்போல் எண்டால் நான் ஒராள்தான் வாசிக்கவேணும்."

"அப்ப ஒரு மனிசனைப் பற்றி முழுசா எழுதவே மாட்டியளோ?"

"ஏன் எழுதமாட்டம்? பிறந்த இடம், படிச்ச பள்ளிக்கூடம், தாய் தகப்பன், மச்சான்மார், சகலன்மார் எல்லாம் விடாமல் எழுதுவம். அதுக்கு ஆள் சாகவேணும்."

பேரின்பநாதன் அதை வீடு வரும்வரை மெட்ரோவில் யோசித்துக்கொண்டு வந்தார்.

"பெத்த பிள்ளையைச் சாக்காட்டப் போறியளோ?" ஜெகதீஸ்வரி அகப்பையோடு வந்து நின்றார்.

"ஒரு கிழமைக்குத்தானப்பா, ஏழே நாள். பக்கம் நிலைச்ச உடன திருத்தம் போடுவம்."

"என்னத்தால செத்தது எண்டு போடுவியள்?"

"'திடீரென' எண்டு போட்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அன்டன் சந்தேகப்படுவார் என்று, மரண அறிவித்தல் போடும் வேறொரு இணையத்தளத்தைப் பிடித்தார். எழுதுகிற பிள்ளை ஜெசிக்காவுக்கு வினோஜனின் பக்கத்தையே அனுப்பிவைத்தார். "விபரமெல்லாம் அதில கிடக்குது பிள்ளை. உறவுமுறை ஒண்டும் விடுபடாமல் வடிவாப் போடுங்கோ."

அறிவித்தல் வந்தது. விடியுமுன் அதை நாலு தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டன. ஆதாரம் மேல் ஆதாரம் என்று, பக்கத்தை எழுதிய ரசிகர் எல்லாவற்றையும் விவாதத்தில் கொண்டுபோய் வைத்தார். பனிஆந்தை மட்டும், 'அங்கிள், ஆள் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதியது. அதற்கு ஆதாரம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்டார்கள். உயிரோடு இருப்பதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. பக்கம் நிலைத்தது.

ஞாயிறு காலை மூன்றாம் மாடி வரை சனம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஆளுக்கொரு சட்டி இடியப்பம் கொண்டுவந்திருந்தார்கள். பேரின்பநாதன் வெள்ளை வேட்டியில் குந்தியிருந்தார்.

"ஒருக்கால்கூடக் கண்டதில்லை," என்று பக்கத்து வீட்டு அருமைராசா கண்ணைத் துடைத்தார். "ஆனால் சரியான நல்ல பொடியன்."

அந்த நேரம் பார்த்து ஞானேந்திரன் உள்ளே வந்தார். கையில் ஃபோன். முகத்தில் துக்கம் பாதி, கோபம் பாதி.

"பேரின்பநாதன், கவலையான நேரத்தில கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. அறிவித்தலில என்ர பேரும் கிடக்குது. 'ஞானேந்திரன் தம்பதியரின் அன்பு மருமகனும், சாம்பவியின் பாசமிகு கணவரும்' எண்டு. கலியாணப் பேச்சுக்கால்தானே நடந்தது? என்ர பிள்ளையை விதவையாக்கிப்போட்டியளே."

பேரின்பநாதன் அவரைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணை, ஆள் சாகேல்லை."

ஞானேந்திரன் இடியப்பச் சட்டிகளை ஒருமுறை பார்த்தார். "அப்ப கணவர்?"

"அது அந்தப் பிள்ளை விட்ட பிழை. உங்களுக்கு முன்னாலேயே திருத்துவிக்கிறன்."

ஸ்பீக்கரில் போட்டு ஜெசிக்காவை அழைத்தார். "பிள்ளை, அறிவித்தலில ரெண்டு பிழை. ஒண்டு, ஆள் உயிரோட இருக்கிறார். மற்றது, அவர் இன்னும் கலியாணம் கட்டேல்லை."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"முதலாவதை இப்பவே திருத்திறன், ஐயா," என்றாள் ஜெசிக்கா. "ரெண்டாவதைத் திருத்த ஏலாது. நீங்கள் அனுப்பின பக்கத்தின்ர கடைசி வரியில, போன வருசம் மொன்றியலில ஞானேந்திரன்ர மகள் சாம்பவியோட கலியாண எழுத்துப் பதிவு முடிஞ்ச திகதியே கிடக்குது."